அலுவலக–குடியிருப்பு மாற்றத்தில் வாகன நிறுத்தமும் சாலை அணுகலும் (இங்கிலாந்து)

அலுவலக–குடியிருப்பு மாற்றம் என்பது அலுவலகமாகப் பயன்பட்டுவந்த ஒரு கட்டடத்தை இடிக்காமல், அதன் உள்ளமைப்பை மட்டும் மாற்றி அடுக்குமாடிக் குடியிருப்பாக ஆக்குவதாகும். சுவர்கள் அப்படியே நின்றாலும், கட்டடத்தைச் சாலையோடு இணைக்கும் வழிகளின் பயன்பாடு இம்மாற்றத்தில் முற்றிலும் வேறாகிவிடுகிறது. காலையில் வந்து மாலையில் வெளியேறும் பணியாளர்களின் மகிழுந்துகளுக்கு உரியதாக இருந்த வாயில், இரவில் வந்து தங்கும் வண்டிகளுக்கும், உள்ளாட்சியின் குப்பை வண்டிக்கும், பொருள் கொண்டுவந்து தருவோருக்கும், பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவர்களுக்கும் பயன்பட வேண்டியதாகிறது.

இங்கிலாந்தில் 2013 மே 30 அன்று நடைமுறைக்கு வந்த ஒரு விதியின்படி, இத்தகைய மாற்றத்துக்கு முழுமையான திட்டமிடல் அனுமதி தேவையில்லை என்றாயிற்று. உள்ளாட்சி மன்றம் ஆராயக்கூடியவை மூன்றாகக் குறைக்கப்பட்டன: போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் தாக்கம், நில மாசு, வெள்ள இடர். வீட்டின் பரப்பு, சன்னல், விளையாடுமிடம் ஆகியவற்றைப் பற்றிக் கேள்வி எழுப்ப அப்போது மன்றத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை. எனவே, மாசும் வெள்ளமும் இல்லாத பெரும்பாலான இடங்களில், ஒரு திட்டத்தைத் தடுக்கவோ திருத்தவோ மன்றத்தின் கையில் எஞ்சியிருந்த கருவி சாலை ஒன்றே. இக்கட்டுரை அக்கருவி எதனை அளந்தது, எதனை அளக்காமல் விட்டது என்பதை விளக்குகிறது. இசுக்கொட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றின் திட்டமிடல் சட்டங்கள் வேறானவை. அவை இங்கு சேர்க்கப்படவில்லை.

சட்டப் பின்னணி

இங்கிலாந்தில் ஒரு கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்குப் பொதுவாக உள்ளாட்சி மன்றத்தின் திட்டமிடல் அனுமதி தேவை. எனினும் சில வகை மாற்றங்களுக்கு நாடாளுமன்றத்தின் அதிகாரத்தின்கீழ் வெளியிடப்படும் ஓர் ஆணை பொது அனுமதி வழங்கிவிடுகிறது. இது 'அனுமதிக்கப்பட்ட மேம்பாட்டு உரிமை' எனப்படும். 2013இல் அலுவலகங்களுக்கு இவ்வுரிமை மூன்றாண்டுகளுக்கு மட்டும் வழங்கப்பட்டது. 2016 ஏப்ரலில் நிரந்தரமாக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் தொகுப்பு ஆணையில் இது 'ஓ' வகுப்பு என்று பெயர் பெற்றது. 2021 ஆகத்து 1 முதல் அதன் இடத்தை 'எம்ஏ' வகுப்பு பிடித்தது. அலுவலகங்களோடு கடைகள், உணவகங்கள் முதலியவற்றையும் வீடுகளாக்க இப்புதிய வகுப்பு இடமளிக்கிறது.

உரிமை இருப்பினும், பணியைத் தொடங்குமுன் கட்டட உரிமையாளர் மன்றத்திடம் 'முன் ஒப்புதல்' கேட்க வேண்டும். மன்றத்துக்கு 56 நாட்கள் அவகாசம். அதற்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் பணியைத் தொடங்கலாம். விடை வராவிட்டால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்ட நிரலைப் போன்றது இது. ஆட்பற்றாக்குறை உள்ள மன்றத்துக்கு இந்த 56 நாட்கள் நீண்ட காலம் அன்று.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, மன்றம் எப்போது நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதையும் ஆணையே கூறுகிறது. அப்பகுதியின் போக்குவரத்தில் குறிப்பிடத்தக்க அதிகரிப்போ, போக்குவரத்தின் தன்மையில் குறிப்பிடத்தக்க மாற்றமோ ஏற்படக்கூடும் என்று மன்றம் கருதினால் ஆலோசனை கட்டாயம். தேசிய முதன்மைச் சாலையைப் பாதிக்குமாயின் அதற்குரிய ஆணையமும், உள்ளூர்ச் சாலையாயின் உள்ளூர் நெடுஞ்சாலை ஆணையமும், சமதளத் தொடர்வண்டிக் கடவை அருகிலிருந்தால் இருப்புப்பாதையை நடத்துவோரும் கலந்தாலோசிக்கப்படுவர்.

மறுப்பதற்கான அளவுகோல் உயரமானது. 2012ஆம் ஆண்டின் தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம், எஞ்சிய ஒட்டுமொத்தத் தாக்கம் 'கடுமையானதாக' இருந்தால் மட்டுமே போக்குவரத்தைக் காரணம் காட்டி ஒரு திட்டத்தை மறுக்கலாம் என்றது. பின்னர் வந்த பதிப்புகளில், சாலைப் பாதுகாப்பின் மீது ஏற்றுக்கொள்ள முடியாத தாக்கம் என்பதும் தனிக் காரணமாகச் சேர்க்கப்பட்டது. தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சற்றுக் கடினமாகும் என்பது இவ்வளவுகோலின்படி 'கடுமையானது' ஆகாது.

பயணக் கணக்கு

விண்ணப்பத்தோடு பெரும்பாலும் ஒரு போக்குவரத்து அறிக்கை இணைக்கப்படும். இதில் பழைய பயன்பாடு உருவாக்கும் பயணங்களும் புதிய பயன்பாடு உருவாக்கும் பயணங்களும் ஒப்பிடப்படும். இதே வகைக் கட்டடங்களில் முன்னர் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளின் தொகுப்பான 'டிரிக்ஸ்' தரவுத்தளம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். நகருக்கு வெளியே 3,000 சதுர மீட்டர் (சுமார் 32,000 சதுர அடி) பரப்புள்ள ஓர் அலுவலகம். அதனைச் சுற்றி 100 நிறுத்துமிடங்கள். கூடங்கள், படிக்கட்டுகள் உட்பட வீடொன்றுக்கு 50 சதுர மீட்டர் என்று பிரித்தால் 60 வீடுகள் கிடைக்கும். அலுவலகமாக இருந்தபோது காலை 8 முதல் 9 மணிக்குள் 80 மகிழுந்துகள் உள்ளே வந்தன என்றும், குடியிருப்பானபின் அதே நேரத்தில் 25 மகிழுந்துகள் வெளியே செல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். அறிக்கை 'போக்குவரத்து 55 வண்டிகள் குறைகிறது' என்று முடியும். கணக்கு சரியானதே. அலுவலகம் குடியிருப்பாகும்போது உச்ச நேரப் பயணங்கள் குறைவது பொதுவான விளைவும் ஆகும்.

ஆனால் இந்த ஒற்றை எண்ணில் மூன்று செய்திகள் மறைந்துபோகின்றன.

முதலாவது திசை. காலையில் உள்ளே திரும்பிய வண்டிகளின் இடத்தில், காலையில் வெளியேறும் வண்டிகள் வருகின்றன. இங்கிலாந்தில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வதால், வாயிலிலிருந்து வலப்புறம் திரும்பும் வண்டி ஒரு திசைப் போக்குவரத்தைக் கடந்து மறு திசைப் போக்குவரத்தில் சேர வேண்டும். உள்ளே வருபவர் சாலையிலிருந்தபடியே வாயிலைக் காண்கிறார். வெளியேறுபவருக்கோ மதிலும் மரமும் நின்றிருக்கும் வண்டிகளும் மறைக்கும் சாலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியுள்ளது. எண்ணிக்கை குறைந்தாலும் உச்ச நேரத்தில் வெளியேறும் வண்டிகள் கூடுகின்றன. ஆணையில் உள்ள 'தன்மையில் மாற்றம்' என்ற சொற்றொடர் இதற்கெனவே உள்ளது எனலாம். நடைமுறையில் 'அதிகரிப்பு' என்ற சொல்லே அதிகம் விவாதிக்கப்படுகிறது.

இரண்டாவது நேரம். அலுவலக நிறுத்துமிடம் இரவிலும் வார இறுதியிலும் காலியாகக் கிடக்கும். குடியிருப்புக்கு அந்நேரங்களே உச்ச நேரம். மகிழுந்து பெரும்பகுதி நேரம் ஓடாமல் நிற்கும் பொருள் என்பதால், வீட்டருகே அது கேட்பது பயணத்துக்கான சாலையை விட இரவில் நிற்பதற்கான இடத்தையே.

மூன்றாவது, ஒப்பீட்டின் தொடக்கப்புள்ளி. கட்டடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்திருந்தாலும், அதன் சட்டப்படியான பயன்பாடு அலுவலகமே என்பதால், அது முழுமையாக இயங்கினால் எத்தனை வண்டிகள் வருமோ அத்தனையும் 'ஏற்கெனவே உள்ள' போக்குவரத்தாகவே பொதுவாக முன்வைக்கப்படும். அண்டை வீட்டார் கண்ணால் காண்பது வெறுமையான வாயிலையும் அதன்பின் திடீரென வரும் அறுபது குடும்பங்களையும். தாளில் இருப்பதோ குறைவு.

வாகன நிறுத்தத் தரநிலைகள்

பழைய அலுவலகத்தில் எத்தனை நிறுத்துமிடங்கள் இருக்கும் என்பது அது கட்டப்பட்ட ஆண்டைப் பொறுத்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரும்பாலான மன்றங்கள் குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கட்டாயமாக்கியிருந்தன. 2001இல் வெளியான அரசின் 13ஆம் திட்டமிடல் வழிகாட்டுக் குறிப்பு இதனைத் தலைகீழாக்கி, 2,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலுவலகங்களுக்கு 30 சதுர மீட்டருக்கு ஓர் இடம் என்பதை அதிகபட்சமாக விதித்தது. வீடுகளுக்குச் சராசரியாக 1.5 இடங்களுக்கு மேல் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 3ஆம் குறிப்பு கூறியிருந்தது. நாடு முழுமைக்குமான இவ்வதிகபட்சங்கள் 2011இல் கைவிடப்பட்டு, முடிவு உள்ளாட்சி மன்றங்களிடம் விடப்பட்டது.

இலண்டனில் 2004ஆம் ஆண்டின் இலண்டன் திட்டத்தோடு குறைந்தபட்ச விதிகள் நீங்கி அதிகபட்ச விதிகள் வந்தன. 2004 முதல் 2010 வரை அங்கு கட்டப்பட்ட குடியிருப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நிறுத்துமிடங்களின் எண்ணிக்கை சுமார் 40 விழுக்காடு குறைந்ததாகவும், அதற்குப் பெரிதும் காரணம் குறைந்தபட்சம் நீக்கப்பட்டதே அன்றி அதிகபட்சம் விதிக்கப்பட்டதன்று எனவும் கண்டது. கட்டாயம் இல்லாதபோது கட்டுநர்களே குறைவாகக் கட்டினர் என்பது இதன் பொருள். 2021ஆம் ஆண்டின் இலண்டன் திட்டம், பொதுப் போக்குவரத்து நன்கு அமைந்த இடங்களில் மகிழுந்து இல்லாக் குடியிருப்பையே தொடக்க நிலையாகக் கொள்கிறது. எவ்வளவு 'நன்கு' என்பது 0 முதல் 6பி வரையிலான அணுகல் மதிப்பெண்ணால் அளக்கப்படுகிறது. நடந்து செல்லும் தொலைவில் உள்ள நிறுத்தங்களும் அங்கு வரும் வண்டிகளின் அடுக்கமும் இம்மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலண்டன் குடும்பங்களில் சுமார் 42 விழுக்காட்டினரிடம் மகிழுந்து இல்லை. இங்கிலாந்து முழுவதற்கும் இது சுமார் 23.5 விழுக்காடு.

குறைந்தபட்ச விதி கட்டட மாற்றத்தையே முடக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டாகும். அந்நகர மையத்தில் வீட்டுரிமைக் குடியிருப்பு ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு நிறுத்துமிடங்கள் தேவைப்பட்டன. பழைய அலுவலகக் கட்டடங்கள் மனையின் விளிம்புவரை எழுப்பப்பட்டவை; அவற்றுள் புதிதாக நிறுத்துமிடம் தோண்ட வழியில்லை. 1999இல் நகராட்சி, இவற்றைக் குடியிருப்பாக்குவோர் புதிய நிறுத்துமிடம் அமைக்க வேண்டியதில்லை என்று சட்டமியற்றியது. 1999க்கும் 2008க்கும் இடையில் 56 பழைய கட்டடங்கள் குறைந்தது 7,300 வீடுகளாக மாறின என்பது மைக்கேல் மான்வில்லின் ஆய்வு முடிவு. கட்டாயம் இல்லாதபோதும் கட்டுநர்கள் வீடொன்றுக்குச் சராசரியாக 1.3 இடங்கள் அளித்தனர், அவற்றுள் 0.9 கட்டடத்திலும் 0.4 அருகிலிருந்த நிறுத்தகங்களிலும் இருந்தன. பகலில் அலுவலகங்களுக்குப் பயன்படும் நிறுத்தகம் இரவில் குடியிருப்போருக்குப் பயன்படுவது, மேலே கூறிய நேர வேறுபாட்டைச் சிக்கலாகக் கருதாமல் வளமாகக் கருதுவதாகும்.

மகிழுந்து இல்லாக் குடியிருப்பும் உரிமச்சீட்டும்

இலண்டனின் உள்வட்டப் பகுதிகளில் பழைய அலுவலகங்களுக்குச் சொந்த நிறுத்துமிடம் இருப்பது அரிது. அங்கு தெருக்கள் 'கட்டுப்படுத்தப்பட்ட நிறுத்த வலயங்களாக' உள்ளன. உள்ளூர்வாசிகள் மன்றத்திடம் உரிமச்சீட்டு பெற்றே தெருவில் வண்டியை நிறுத்த முடியும். புதிதாக வருவோர் எல்லாரும் சீட்டுக்கு விண்ணப்பித்தால் சீட்டுகள் இடங்களைவிடக் கூடிவிடும். எனவே கேம்டன் போன்ற மன்றங்கள், மாற்றப்படும் கட்டடத்தின் குடியிருப்போருக்கு உரிமச்சீட்டு உரிமை இல்லை என்ற ஒப்பந்தத்தில் உரிமையாளர் கையெழுத்திட வேண்டும் என்று கோரின. முன் ஒப்புதலில் போக்குவரத்து ஆராயப்படலாம் என்பதே இக்கோரிக்கைக்கு அடிப்படை.

இத்தகைய ஒப்பந்தம் செல்லுமா என்பது எளிதான கேள்வியாக இருக்கவில்லை. திட்டமிடல் ஒப்பந்தம் நிலத்தின் பயன்பாட்டையே கட்டுப்படுத்தலாம். உரிமச்சீட்டோ பொதுச் சாலையில் நிறுத்துவதற்கானது, குடியிருப்பவரின் நிலத்தோடு தொடர்பற்றது. இக்காரணத்தால் 2013இல் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம், இது 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்கீழ் அடங்காது என்றது. 2017இல் கென்சிங்டன்–செல்சி மன்றம் தொடர்பான வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அப்பிரிவு பொருந்தாது என்பதை ஏற்றது. ஆயினும் பெரும் இலண்டன் மன்றத்தின் 1974ஆம் ஆண்டுப் பொது அதிகாரச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்கீழ் ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அச்சட்டம் இலண்டனுக்கு மட்டும் உரியது. எனவே, அதே நோக்கத்துக்கு இலண்டனுக்கு வெளியேயுள்ள மன்றங்கள் வேறு வழி தேட வேண்டியுள்ளது. வலய ஆணையையே திருத்தி, குறிப்பிட்ட முகவரிகளைச் சீட்டுக்குத் தகுதியற்றவையாக்குவது அவற்றுள் ஒன்று.

ஒப்பந்தத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. வலயங்கள் பல வார நாட்களின் பகல் நேரத்தில் மட்டுமே இயங்குபவை. அலுவலகப் பணியாளர்களின் வண்டிகளைத் தடுக்கவே அவை முதலில் வகுக்கப்பட்டன. மாலை ஆறரைக்குமேல் சீட்டின்றியே நிறுத்தலாம் என்றால், இரவில் வந்து காலையில் செல்லும் குடியிருப்பாளரை அவை தடுப்பதில்லை. வலயமே இல்லாத தெருக்களில் சீட்டு மறுப்பு பொருளற்றது.

வாயில், பார்வைத் தெளிவு, அவசர வண்டிகள்

பொது அனுமதி ஆணையின் 3ஆம் உறுப்பில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு வரையறை உள்ளது. முதன்மைச் சாலையிலோ வகைப்படுத்தப்பட்ட சாலையிலோ புதிய வாயில் அமைப்பதையோ, உள்ள வாயிலைக் குறிப்பிடத்தக்க அளவு அகலமாக்குவதையோ இவ்வுரிமை அனுமதிப்பதில்லை. சாலையில் செல்வோரின் பார்வையை மறைத்து ஆபத்து விளைவிக்கக்கூடிய பணிகளும் விலக்கப்பட்டுள்ளன. ஆகவே பழைய வாயில் குடியிருப்புக்குப் பொருந்தவில்லை எனில் அதற்குத் தனியாக முழுத் திட்டமிடல் அனுமதி பெற வேண்டும். நடைபாதையின் குறுக்கே விளிம்புக்கல்லைத் தாழ்த்தி வண்டிக்கடவை அமைக்க, எச்சாலையாயினும், 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்கீழ் நெடுஞ்சாலை ஆணையத்தின் இசைவும் தேவை.

வாயிலிலிருந்து வெளியேறுபவர் எவ்வளவு தொலைவு காண வேண்டும் என்பதற்கு 2007ஆம் ஆண்டின் 'தெருக்களுக்கான கையேடு' பயன்படுகிறது. சாலை விளிம்பிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே நிற்கும் ஓட்டுநருக்கு, மணிக்கு 30 மைல் (48 கிலோமீட்டர்) வேகத்தில் வண்டிகள் செல்லும் தெருவில் 43 மீட்டர் தொலைவும், 20 மைல் வேகத்தில் 25 மீட்டர் தொலைவும் தடையின்றித் தெரிய வேண்டும். எதிரே வரும் வண்டி தடுப்பை அழுத்தி நிற்பதற்குத் தேவையான தொலைவிலிருந்து இவ்வளவுகள் பெறப்படுகின்றன.

கட்டட விதிமுறைகள் திட்டமிடலிலிருந்து தனித்தவை; பயன்பாடு மாறும்போது அவற்றின் பல பகுதிகள் புதிதாகப் பொருந்தத் தொடங்குகின்றன. தீயணைப்பு வண்டிக்கான அணுகல் அவற்றுள் முதன்மையானது. அலுவலகத்துக்கு இது கட்டடத்தின் பரப்பையும் உயரத்தையும் வைத்துக் கணிக்கப்படும். குடியிருப்புக்கோ, நீர்க்குழாய் ஏற்றம் இல்லாத கட்டடத்தில், வண்டி நிற்குமிடத்திலிருந்து ஒவ்வொரு வீட்டின் உட்புறத்தின் எல்லாப் புள்ளிகளும் நீர்க்குழல் செல்லும் பாதைவழி 45 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீண்ட கூடத்தின் இருபுறமும் வீடுகளாகப் பிரித்தால் கடைசி வீட்டின் கடைசி அறை இவ்வெல்லையைத் தாண்டிவிடுவது எளிது. அப்போது ஏற்றக் குழாய் அமைத்து, அதன் நுழைவாய்க்கு 18 மீட்டருக்குள் வண்டி வந்து நிற்க வழி செய்ய வேண்டும். வழியின் அகலம் 3.7 மீட்டரும், கதவு போன்ற இடுக்குகளில் 3.1 மீட்டரும் தேவை. முட்டுச்சந்து 20 மீட்டருக்கு மேற்பட்டால் வண்டி திரும்ப இடம் வேண்டும். அலுவலக முற்றத்தில் கூடுதலாக நான்கு நிறுத்துமிடக் கோடுகளை வரைவதால் இந்த அகலம் பறிபோவதுண்டு. ஒரு நிறுத்துமிடம் வழக்கமாக 2.4க்கு 4.8 மீட்டர், வரைபடத்தில் எண்ணிக்கை காட்டுவதற்காக அதனை எங்கெங்கோ செருகும் ஆசை பொதுவானது.

குப்பை அகற்றல் இன்னொரு மாற்றம். அலுவலகக் கழிவைத் தனியார் ஒப்பந்தக்காரர் எடுத்துச்செல்வார். வீட்டுக் கழிவை உள்ளாட்சியின் வண்டி எடுக்கும். அது 10, 11 மீட்டர் நீளமுள்ள கனவண்டி. குடியிருப்போர் குப்பையைச் சேமிப்பிடத்துக்குக் கொண்டுசெல்லும் தொலைவு 30 மீட்டருக்கும், சேமிப்பிடத்திலிருந்து வண்டி நிற்குமிடம் 25 மீட்டருக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு அளவு. இடமில்லாத கட்டடங்களில் கலன்கள் நடைபாதைக்கு வந்துவிடுகின்றன. கட்டடத்தின் அடித்தளத்தில் நிறுத்தகம் இருந்தாலும் குப்பை வண்டி அதனுள் நுழையாது. அத்தகைய தளங்களின் கூரையுயரம் மகிழுந்துக்கு மட்டுமே போதுமானதாக இருக்கும்.

மாற்றுத்திறனாளிகள், மின் ஏற்றம், மிதிவண்டி

கட்டட விதிமுறைகளில் அணுகல் பற்றிய பகுதி, பழைய கட்டடம் வீடுகளாக மாற்றப்படும்போது புதிய வீட்டுக்குப் பொருந்துவதைப்போல் பொருந்துவதில்லை. எனவே நிறுத்துமிடத்திலிருந்து வீட்டு வாயில்வரை படியில்லாப் பாதை வேண்டும் என்பது பெரும்பாலும் திட்டமிடல் கொள்கையிலிருந்தே வர வேண்டும். இலண்டன் திட்டம் பத்தும் அதற்கு மேலும் வீடுகளுள்ள திட்டங்களில், தொடக்கத்திலேயே வீடுகளின் எண்ணிக்கையில் 3 விழுக்காட்டுக்கு அகலமான நிறுத்துமிடம் கேட்கிறது. மேலும் 7 விழுக்காட்டுக்குப் பின்னர் எவ்வாறு இடமளிக்கலாம் என்றும் காட்ட வேண்டும். மகிழுந்து இல்லாக் குடியிருப்பும் இதற்கு விலக்கன்று. ஆனால் இவை முழு அனுமதிக்கான கொள்கைகள். முன் ஒப்புதலில் மன்றம் இவற்றை முழுமையாக வலியுறுத்த முடிவதில்லை. இது இம்முறையின் கனத்த குறைகளுள் ஒன்று.

2022 சூன் 15 முதல், மாற்றப்பட்ட கட்டடத்தின் வீடுகளுக்குரிய நிறுத்துமிடங்களில் மின்வண்டி ஏற்றக் கருவிகள் அமைப்பது கட்டட விதிமுறைகளின் ஒரு பகுதியாகியுள்ளது. கட்டடத்துக்கு வரும் மின் இணைப்பின் கொள்ளளவு இதற்கு வரம்பாகும். மிதிவண்டிச் சேமிப்பிடம் முன் ஒப்புதலில் நிபந்தனையாக விதிக்கப்படுவது வழக்கம். போக்குவரத்தோடு தொடர்புடையதும் நியாயமானதுமான நிபந்தனைக்கு ஆணை இடமளிக்கிறது.

நடந்து செல்வோர்

பயணக் கணக்கில் வண்டிகள் எண்ணப்பட்டன. வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை நடைபாதை உள்ளதா, இரவில் விளக்கெரிகிறதா, பள்ளிக்குச் செல்ல எத்தனை சாலைகளைக் கடக்க வேண்டும் என்பன எண்ணப்படவில்லை. நகர மையத்திலுள்ள கட்டடத்துக்கு இக்கேள்விகள் எழுவதில்லை. தொழிற்பேட்டையின் நடுவில் நிற்கும் அலுவலகத்துக்கு அவையே முதன்மையானவை.

எசெக்சிலுள்ள ஹார்லோ நகரம் இவ்விரு வகைக்கும் அறியப்பட்ட இடமாகும். அதன் மையத்தில், பல்லடுக்கு வாகன நிறுத்தகத்தின்மீது எழுப்பப்பட்ட டெர்மினஸ் ஹவுஸ் என்னும் அலுவலகக் கோபுரம் 2018இல் 200க்கும் மேற்பட்ட சிறு வீடுகளாக மாற்றப்பட்டது. அங்கு குறை நிறுத்துமிடம் அன்று. வீடுகளின் அளவும், இலண்டன் மன்றங்கள் வீடற்ற குடும்பங்களை அங்கு குடியமர்த்தியதுமே விவாதிக்கப்பட்டன. அதே நகரின் டெம்பிள்ஃபீல்ட்ஸ் தொழிற்பேட்டைப் பகுதியில் மாற்றப்பட்ட கட்டடங்களில் சாலையே சிக்கலாயிற்று. இயங்கும் தொழிற்கூடங்களுக்கிடையில், சரக்குந்துகள் செல்லும் சாலையை ஒட்டி, நிறுத்துமிடத்தைத் தவிர வேறு திறந்தவெளி இல்லாத கட்டடத்தில் குழந்தைகள் வாழ்வதை ஊடகங்கள் எடுத்துக்காட்டின. போக்குவரத்து அறிக்கையின் அளவுகோலில் இத்தகைய இடம் மிக எளிதாகத் தேறிவிடும்: நிறுத்துமிடங்கள் தாராளம், சாலை அகலமானது, உச்ச நேர வண்டிகள் குறைகின்றன. சரக்குந்துகள் திரும்புவதற்காக வளைவு பெரிதாக வெட்டப்பட்ட சந்திப்பே, நடந்து கடப்பவருக்கு மிக நீண்ட கடவையாகவும் வண்டிகள் வேகம் குறைக்காமல் திரும்பும் இடமாகவும் அமைகிறது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அரசுக்காகத் தயாரித்து 2020 சூலையில் வெளியான அறிக்கை, இவ்வுரிமையின்கீழ் உருவான வீடுகளில் 22.1 விழுக்காடு மட்டுமே தேசியப் பரப்புத் தரத்தை எட்டின என்றும், முழு அனுமதி பெற்ற மாற்றங்களில் இது 73.4 விழுக்காடு என்றும் கண்டது. வணிக, தொழிற்பகுதிகளின் நடுவே வீடுகள் அமைந்ததையும் அவ்வறிக்கை சுட்டியது.

2020க்குப் பிந்தைய மாற்றங்கள்

இதன்பின் விதிகள் ஒவ்வொன்றாக இறுக்கப்பட்டன. 2020 ஆகத்து முதல் வாழும் அறைகளுக்கு இயற்கை ஒளி கட்டாயமாயிற்று. 2021 ஏப்ரல் 6 முதல் தேசியப் பரப்புத் தரம் கட்டாயமாயிற்று. ஒருவருக்கான மிகச் சிறிய வீடு 37 சதுர மீட்டர், அதாவது சுமார் 400 சதுர அடி.

போக்குவரத்துப் பிரிவின் சொற்களும் மாறின. 'ஓ' வகுப்பில் 'போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் தாக்கங்கள்' என்று மட்டும் இருந்தது, 'எம்ஏ' வகுப்பில் 'போக்குவரத்துத் தாக்கங்கள், குறிப்பாக மனைக்குப் பாதுகாப்பான அணுகலை உறுதிசெய்தல்' என்றாயிற்று. சிறிய திருத்தமாகத் தோன்றினும் கேள்வி இடம் மாறியுள்ளது. முந்தைய சொற்கள் சாலைக்கு என்ன நேரும் என்று கேட்டன. புதிய சொற்கள் அங்கு வாழ்பவர் எவ்வாறு வந்து செல்வார் என்றும் கேட்க வைக்கின்றன. கனரகத் தொழில், கழிவு மேலாண்மை, சேமிப்பு, சரக்கு விநியோகம் ஆகியவற்றுக்கு முக்கியமானது என மன்றம் கருதும் பகுதியில் குடியிருப்பைக் கொண்டுவருவதால் குடியிருக்கப்போவோருக்கு நேரும் விளைவையும் தனியாக ஆராயலாம். 18 மீட்டரோ அதற்கு மேலோ உயரமுள்ள, அல்லது ஏழு மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கு, தீயணைப்பு வண்டியின் அணுகல் உட்பட்ட தீப்பாதுகாப்பு அறிக்கையும் முன் ஒப்புதல் கட்டத்திலேயே கோரப்படுகிறது.

'எம்ஏ' வகுப்பு தொடங்கியபோது 1,500 சதுர மீட்டர் வரையிலான கட்டடங்களுக்கு மட்டுமே உரியதாகவும், கட்டடம் மூன்று மாதங்கள் காலியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடும் இருந்தது. 2024 மார்ச்சு 5 முதல் இவ்விரண்டும் நீக்கப்பட்டன. மேலே எடுத்துக்காட்டிய 3,000 சதுர மீட்டர் அலுவலகம் 2021 ஆகத்துக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் இவ்வுரிமைக்குள் அடங்கியிருக்காது, அதன்பின் அடங்கும். அளவு வரம்பின்றிப் பெரிய வணிகப் பூங்காக்கள் மீண்டும் இதற்குள் வந்துள்ளதால், 'பாதுகாப்பான அணுகல்' என்பது வாயிலோடு முடிகிறதா, பேருந்து நிறுத்தம்வரை நீள்கிறதா என்பது நடைமுறைப் பொருளுள்ள கேள்வியாகியுள்ளது. உரிமையையே தம் பகுதியில் விலக்க விரும்பும் மன்றம், பொது அனுமதி ஆணையின் 4ஆம் உறுப்பின்கீழ் அறிவிப்பு வெளியிடலாம். அவ்வறிவிப்பு நன்கு காரணம் காட்டப்பட்ட, இயன்றவரை சிறிய பரப்புக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பது அரசின் கொள்கை.